நேத்து வந்த அகரன்

நான் யாரையும் லேசுல நம்பறவ இல்லை. அது என் குத்தமும் இல்லை, பார்த்த வேலை அப்படி. காரைக்கால்ல கவர்மெண்ட் ஸ்கூல்ல தையல் டீச்சரா இருந்தவ நான். பேரு சொர்ணாம்பாள், ஆனா அந்தப் பேரைச் சொன்னா இந்தத் தெருவுலயே யாருக்கும் தெரியாது. தையல் டீச்சர்னாத்தான் தெரியும். பரீட்சை வந்தா காவலுக்கு என்னைத்தான் போடுவாங்க. பாவாடை ஓரத்துக்குள்ள சூத்திரம் எழுதி மடிச்சுத் தைச்சுட்டு வரும் சில பொண்ணுங்க. தையல் புதுசா இருக்கறதைப் பார்த்தே நான் பிரிச்சிடுவேன். ரிடையர் ஆகியாச்சு, ஆனா இந்தக் கண்ணு மட்டும் இன்னும் ரிடையர் ஆகலை.

இப்படிப்பட்டவ வீட்டு மாடிக்குத்தான் நிலவன் குடி வந்தான். நெடுங்காட்டுப் பக்கத்துப் பையன். அப்பா மருதையன் நடவு, அறுப்புன்னு கூலிக்குப் போறவர். அம்மா காசியம்மா களையெடுக்கப் போறவங்க. ரெண்டு பேரும் பையனைக் கூட்டிட்டு வந்து, "கம்ப்யூட்டர் வேலைங்க டீச்சர், ஊர்ல காத்தடிச்சா நெட்டு போயிடுது, அதான் டவுன்ல ரூம் பாக்கறோம்"னாங்க. அவன் முப்பது வயசு ஆம்பளை, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறான். வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாதவனாட்டம். எனக்கு அப்பவே சந்தேகம் தட்டிடுச்சு. பரீட்சை ஹால்ல அப்படி நிக்கற பசங்கதான் பிட்டு வச்சிருப்பாங்க.

"எந்த ஆபீஸு?"ன்னு கேட்டேன்.

"ஆபீஸ் இல்லைங்க டீச்சர், ரூம்ல இருந்தேதான்."

"முதலாளி யாரு?"

"முதலாளின்னு ஒருத்தர் இல்லைங்க. நிறைய பேர் சேர்ந்து பண்றது."

சரியாப் போச்சு போ. ஆபீஸ் இல்லை, முதலாளி இல்லை, நிறைய பேர் மட்டும் இருக்காங்களாம். கும்பலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ஆனா காசியம்மா முகத்தைப் பார்த்தேன். வெயில்ல கருகின அந்த முகம் பொய் சொல்ற முகமாத் தெரியலை. சரின்னு சாவியைக் குடுத்தேன். குடுத்துட்டு, கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உக்காந்தேன்.

ஒரு நாள் காலையில துணி காயப்போட மாடிக்குப் போனேன். அவன் ரூம் கதவு திறந்தே கிடந்துச்சு. லேப்டாப் மேசை மேல இருக்கு, முன்னாடி ஆள் இல்லை. இவன் சுவத்துல சாஞ்சு நின்னு வாழைப்பழம் தின்னுக்கிட்டிருக்கான். ஆனா திரையில மும்முரமா வேலை நடக்குது! தானாப் பக்கம் திறக்குது, தானாப் பேரு விழுது, தானாப் பட்டன் அமுங்குது. 'அகரன்'னு ஒரு பேரு. அப்புறம் 'அஜ்மீர்'. அப்புறம் 'ஆஸியா பீவி'. ஒவ்வொரு பேருக்கும் ஒரு பாஸ்வேர்டு. உள்ள போறாங்க, எதையோ ஏத்தறாங்க, எதையோ தேடி எடுக்கறாங்க, வெளிய வர்றாங்க. எல்லாம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள.

போன்லயே கைது பண்றேன்னு மிரட்டற கும்பலைப் பத்தி டிவியில தெனமும் சொல்றாங்களே, அதுல ஒருத்தன் என் வீட்டு மாடியிலயா? அதுவும் ஆஸியா பீவி எங்க பின்னாடித் தெருக்காரங்க!

"ஏன்டா தம்பி, ஆஸியா பீவி பேரு உன் பொட்டிக்குள்ள எப்படிடா வந்துச்சு?"

அவனுக்குப் பழம் தொண்டையில மாட்டிக்கிச்சு. "அது சும்மா வச்ச பேரு டீச்சர். அப்படி ஒரு ஆளே கிடையாது."

"ஆளே கிடையாதா? நேத்துதான்டா என்கிட்ட கறிவேப்பிலை வாங்கிட்டுப் போனாங்க!"

இருமி முடிச்சுட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உக்கார வச்சான். பொறுமையாத்தான் சொன்னான். பல நாட்டுல ஆஸ்பத்திரிக்காரங்க, மழை அளக்கறவங்க, ஆராய்ச்சி பண்றவங்க எல்லாம் அவங்கவங்க சேத்து வச்ச டேட்டாவை ஒரு இடத்துல போட்டு வைக்கறதுக்கு, வேணுங்கறவங்க தேடி எடுத்துக்கறதுக்கு ஒரு சாஃப்ட்வேராம். ஓப்பன் சோர்ஸாம். "அதாவது டீச்சர், உள்ள எப்படித் தைச்சிருக்குன்னு யார் வேணாலும் பிரிச்சுப் பாக்கலாம். யார் வேணாலும் எடுத்துப் போட்டுக்கலாம். இலவசம்."

பார்த்தீங்களா, என் தொழிலை வச்சே எனக்குக் காது குத்தறான்.

அந்த சாஃப்ட்வேர்ல யாராவது ஒரு மாத்தம் பண்ணினா, அதனால வேற எங்கயாவது பிரிஞ்சு போச்சான்னு பாக்கறதுதான் இவன் வேலையாம். மொத்தத்தையும் தன் லேப்டாப்லயே நிறுத்தி, நெசமா ஒரு ஆள் வந்து பயன்படுத்தற மாதிரி, வாசல்ல நுழையறதுல இருந்து வெளிய போற வரைக்கும் ஓட்டிப் பாப்பானாம். எண்ட் டு எண்ட் டெஸ்ட்டுன்னு பேரு. அகரன், ஆஸியா பீவி எல்லாம் இவன் அனுப்பற பொய் ஆளுங்க. அவங்க வந்த காரியம் நடந்துட்டா பச்சை டிக்கு, நடக்கலைன்னா சிவப்பு.

"அப்ப பொய் ஆளை அனுப்பி வேவு பாக்கறே."

"ஆமாங்க டீச்சர், அதேதான்"ங்கறான், சந்தோஷமா!

"இலவசமாக் குடுக்கற சாமானுக்கு உனக்கு யாருடா சம்பளம் தர்றா?"

"வெளிநாட்டுல ஒரு டிரஸ்ட்டுங்க."

டிரஸ்ட்டாம். நான் அன்னைக்குச் சாயங்காலமே ஆஸியா பீவி வீட்டுக்குப் போயி, போன்ல ஏதாச்சும் விபரீதமா வந்துச்சான்னு கேட்டேன். "யா அல்லாஹ், ஏன் டீச்சர் இப்படி பயமுறுத்துறீங்க?"ன்னு அவங்க பதறிப் போயி மருமகள்கிட்ட போனைக் குடுத்துப் பாக்கச் சொன்னாங்க. ஒண்ணும் இல்லை. எனக்குத்தான் கொஞ்சம் ஏமாத்தமா இருந்துச்சு.

ஆனா பழகப் பழக ஒண்ணு தெரிஞ்சுது. என்னை விடப் பெரிய சந்தேகப் பிராணி அவன். தொட்டி ரொம்பிடுச்சுன்னு நான் சொன்னா, மேல ஏறி மூடியைத் திறந்து பார்த்துட்டுத்தான் மோட்டாரை நிறுத்துவான். பஸ்ஸுல போர்டைப் பார்த்து ஏறினாலும் கண்டக்டரைக் கேப்பான், கண்டக்டர் சொன்னாலும் பக்கத்து சீட்டுக்காரரைக் கேப்பான். சின்னதுலயே அப்படித்தானாம். காசியம்மா சொல்லிச் சிரிப்பாங்க: "மழைக்கு லீவுன்னு ஊரே சொன்னாலும் இது நனைஞ்சுக்கிட்டே போயி, பள்ளிக்கூடத்துப் பூட்டைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் டீச்சர் வரும்." அப்படிப் படிச்சுதான் இஞ்சினியர் ஆனான். அந்தக் குடும்பத்துல முதல் டிகிரி. சென்னையில பெரிய கம்பெனி வேலைக்குப் போனப்ப, மருதையன் தெரு பூரா லட்டு குடுத்தாராம்.

நான் அவனைக் குறுக்கு விசாரணை பண்ணாத நாள் கிடையாது. யாருகிட்ட பேசறே, என்ன பாஷை, கேமராவுல தெரியற அந்த வெள்ளைக்காரி யாரு, எல்லாம் கேப்பேன். கேட்டதுக்கு எல்லாம் பதில் வரும். கேக்காததுக்கு வராது. அந்தப் பழக்கம் எனக்கு ஆகலை.

இதுக்கு நடுவுல ஒரு வரன் வந்துச்சு. கீழவாஞ்சூர்ப் பொண்ணு, பேரு வினோதா. நாகூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல சின்ன வகுப்பு டீச்சர். அப்பா வைரக்கண்ணு, நிலக்கரி இறக்கற போர்ட்டுல லாரி எடை போடற எடைமேடையில சூப்பர்வைசர். நிலவன் போயி பொண்ணு பார்த்துட்டு வந்தான் பாருங்க, வந்ததுல இருந்து ஆளே வேற. சட்டைக்கு இஸ்திரி போடறான். மாடிப்படியில பாட்டு முணுமுணுக்கறான். என்கிட்டயே வந்து, "டீச்சர், இது மட்டும் நடந்துட்டாப் போதும், வேற எதுவும் எனக்கு வேணாம்"னான். அப்படி வாய் திறந்து எதையும் கேக்கறவன் இல்லை அவன். எனக்கே மனசு இளகிடுச்சு. வெளிய காட்டிக்கலை.

பொண்ணு வீட்டுல புடிச்சிருக்குன்னாங்க. ஆனா வைரக்கண்ணு முடிவாச் சொல்லாம விசாரிச்சுக்கிட்டே இருந்தாரு. இருக்காதா பின்னே, ஒரே பொண்ணு.

ஒரு மத்தியானம் ஒருத்தர் என் வாசல்ல வந்து நின்னாரு. "வீடு வாடகைக்கு இருக்குங்களா?"

"மாடியில ஆள் இருக்காங்களே"ன்னேன்.

"அப்படிங்களா, யாரு இருக்கா? எப்படிப்பட்ட ஆளு? நேரத்துக்கு வீட்டுக்கு வருவாரா? குடி, கிடி?"

வீடு தேடி வந்தவன் முதல்ல தண்ணி வருமான்னு கேப்பான். இந்த மனுஷன் தண்ணியைப் பத்திக் கேக்கலை, கக்கூஸைப் பத்திக் கேக்கலை. சட்டைக் காலர் மடிப்புல கரித்தூள் வேற. எனக்கு மூக்கு வேர்த்திடுச்சு.

"பொண்ணோட அப்பாதானே நீங்க? உக்காருங்க"ன்னேன்.

வைரக்கண்ணு முகத்துல ஈயாடலை. அப்புறம் அவரே சிரிச்சுட்டாரு. "என்ன பண்றது டீச்சர், பொண்ணைப் பெத்தவன். தெனம் நூறு லாரி பாக்கறேன், எவனும் நெசமான எடையோட வர்றதில்லை. மனுஷன் மட்டும் வருவானா? நீங்க சொல்லுங்க, இவரை நம்பலாமா?"

"நான் யாருக்கும் ஜாமீன் நிக்கறதில்லைங்க. சந்தேகமா இருந்தா நீங்களே வந்து, அவன் பக்கத்துல உக்காந்து, என்ன வேலை பாக்கறான்னு பாருங்க."

அது அவருக்குப் புடிச்சுப் போச்சு. அவருக்கு வாராந்திர லீவு வர்ற வியாழக்கிழமை காலையில, மருதையனையும் காசியம்மாவையும் வரச் சொல்லிட்டு, தானும் வந்துட்டாரு. நானும் போயி கதவோரமா நின்னுக்கிட்டேன். என் வீடு, நான் நிப்பேன்.

அன்னைக்குப் பார்த்து அவனுக்கு ரிலீஸ் நாளு. சாயங்காலம் புதுப் பதிப்பு வெளிய போகணுமாம். உலகம் பூரா ஆளுங்க காத்திருக்காங்களாம். இவன் சரின்னு சொன்னாத்தான் விடுவாங்களாம். மாமனார் ஆகப் போறவர் பக்கத்துல உக்காந்திருக்க, காது சிவக்க டெஸ்ட்டை ஓட்டினான். அகரன் வந்தான், ஏத்தினான், தேடினான், எடுத்தான். பச்சை. அஜ்மீர், பச்சை. ஆஸியா பீவி, பச்சை. மேலேருந்து கீழ வரைக்கும் பச்சை. "எல்லாம் பாஸ் மாமா"ன்னு சொல்லிட்டு, கூட வேலை பாக்கறவங்களுக்கும் எழுதிப் போட்டான்.

வைரக்கண்ணு முகம் மலர்ந்துச்சு. "நல்ல சகுனம்"னாரு. காசியம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க.

இந்தப் பய சும்மா இருக்கணுமா இல்லையா? திரையையே முறைச்சுக்கிட்டிருந்தான். "என்னடா?"ன்னேன்.

"அகரன் ரொம்பச் சுலபமா பாஸ் ஆயிட்டான் டீச்சர். இன்னைக்கு மாத்தினதே அந்த இடத்தைத்தான். எனக்கு நம்பிக்கை வரலை."

"பச்சை விழுந்துடுச்சுல்ல?"

"அதான் சந்தேகமா இருக்கு."

உள்ள இருந்த எல்லாத்தையும் சுத்தமாத் துடைச்சான். காலி வீடு மாதிரி ஆக்கிட்டு, முதல்ல இருந்து ஓட்டினான். அகரன் வந்தான், ஏத்தினான், தேடினான். தேடினான். தேடிக்கிட்டே இருந்தான். சிவப்பு! அதைத் தொட்டு அடுத்தது, அதுக்கடுத்தது, திரை பூரா சிவப்பு.

"பச்சையாவே விட்டிருக்கலாமில்ல தம்பி"ன்னு மருதையன் பல்லைக் கடிச்சாரு. எனக்கும் அவனை ஓங்கி ஒண்ணு வைக்கலாமான்னு வந்துச்சு. நல்ல காரியம் பேச ஆள் வந்து உக்காந்திருக்கற நேரத்துல பண்ற வேலையா இது?

அவன் காதுல எதுவும் விழலை. "நான் முதல்ல பாஸுன்னு சொன்னது தப்பு, என் கவனக்குறைவு, ரிலீஸை நிறுத்துங்க"ன்னு எழுதி, எல்லாரும் பாக்கற இடத்துலயே போட்டுட்டான்.

வைரக்கண்ணு கேட்டாரு: "என்ன ஆச்சுங்க, மாப்ளே?"

"நேத்துச் சாயங்காலம் ஓட்டிட்டுத் துடைக்காம விட்டுட்டேன் மாமா. நேத்து அகரன் ஏத்தின டேட்டா உள்ளயே கிடந்திருக்கு. இன்னைக்கு அகரன் ஏத்தினது உள்ள போய்ச் சேரவே இல்லை. ஆனா தேடும்போது நேத்து அகரனோடது கையில கிடைச்சிடுச்சு. அதைப் பார்த்துட்டு, இன்னைக்கு அகரனும் வந்துட்டான்னு பச்சை போட்டிருக்கு."

"யாருக்கும் தெரியலையே. நீங்களே ஏன் போய்ச் சொல்றீங்க?"

"நம்பி எடுத்துப் போடறவங்களுக்கு டேட்டா காணாமப் போயிடும் மாமா. பழசைப் பார்த்துட்டு சரின்னு சொல்லிட்டா..."

அப்படியே நிறுத்திட்டான். அவனுக்கு முகம் மாறிப் போச்சு. எதையோ நினைச்சு நினைச்சுப் பாக்கறான். அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு அவரைப் பார்த்துக் கேட்டான்:

"மாமா, ஊர்ல என்னைப் பத்தி விசாரிச்சீங்களே, என் வேலையைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"நெடுங்காட்டுல எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. சென்னையில பெரிய கம்பெனி, நிரந்தர வேலை, இப்ப வீட்டுல இருந்து பாக்கறாருன்னு."

"அது பழசு மாமா"ன்னான். "அந்த கம்பெனியில ஆளைக் குறைச்சப்ப என்னையும் அனுப்பிட்டாங்க. இப்ப எனக்குச் சம்பளம் தர்றது வெளிநாட்டு டிரஸ்ட்டு. நிரந்தரம் இல்லை. ஒரு வருஷ ஒப்பந்தம். அடுத்த வருஷம் புதுப்பிச்சா உண்டு, இல்லைன்னா வேற தேடணும். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சுட்டேன்."

மருதையன் தரையைப் பார்த்தாரு. ஊர்ல யார் கேட்டாலும் சென்னைக் கம்பெனின்னு சொல்லி வச்சவர் அவருதானே. லட்டு குடுத்த கையால அதை எப்படி மாத்திச் சொல்லுவாரு? காசியம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க. எனக்கு அவன் மேல வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்லை. அடப்பாவி, அந்த ஒரு வார்த்தையை முழுங்கிட்டா என்ன? கல்யாணம் ஆன அப்புறம் சொல்லிக்கக் கூடாதா? வேற எதுவும் வேணாம்னு என்கிட்ட சொன்னவன், அதையே தன் கையால உடைக்கறானே!

வைரக்கண்ணு என் பக்கம் திரும்பினாரு. "நீங்களும் சொல்லலையே டீச்சர்."

"டிரஸ்ட்டுன்னு தெரியும், ஒரு வருஷம்தான்னு சத்தியமாத் தெரியாதுங்க. வெள்ளைக்காரி பேரு வரைக்கும் கேட்டேன், இதைக் கேக்கலை."

அவர் எழுந்துட்டாரு. செருப்பை மாட்டிக்கிட்டே பொண்ணுக்குப் போன் போட்டாரு. போர்ட்டு இரைச்சல்ல காது மந்தமாகிப் போன மனுஷன், எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவாரு. பள்ளிக்கூடத்துல இன்டர்வெல் போல, பின்னாடி பிள்ளைங்க கத்தறது கேட்டுச்சு.

"பாப்பா, இந்த இடம் நமக்கு வேணாம்மா."

"ஏம்ப்பா?"

"நிரந்தர வேலை இல்லையாம். வருஷா வருஷம் புதுப்பிச்சாத்தானாம். இப்பதான் சொல்றாரு."

"தெரியும்ப்பா."

செருப்பு மாட்டின கால் அப்படியே நின்னுது. "என்னது தெரியும்?"

"பாக்க வந்த அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டாங்க. கொல்லைப்பக்கம் போயி பேசுங்கன்னு விட்டீங்கல்ல, முதல்ல சொன்னதே அதான். கேட்டுட்டுத்தான் நான் புடிச்சிருக்குன்னேன்."

நான் நிலவனைப் பார்த்தேன். திருட்டுப் பய, கிடைச்ச அந்தக் கொஞ்ச நேரத்துல இதையா பேசினான்?

"என்கிட்ட ஏன்மா சொல்லலை?"ன்னு கத்தினாரு வைரக்கண்ணு.

"நீங்கதான் விசாரிச்சுக்கிட்டே இருந்தீங்களேப்பா, தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். நெடுங்காட்டு டீக்கடையில விசாரிச்சீங்க. கோயில் குருக்களை விசாரிச்சீங்க. வீடு பாக்கற மாதிரி போயி அந்த டீச்சரை விசாரிச்சீங்க. என்னைக் கேட்டீங்களா?"

வைரக்கண்ணு போனைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்தப் பொண்ணு அவருக்குச் சொன்னது மாதிரி இல்லை, கதவோரமா நின்ன எனக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு. எத்தனை பேர் எத்தனை நாளா அந்தப் பொண்ணு வாழ்க்கையைப் பத்தித்தான் பேசறோம். அந்தப் பொண்ணை விட்டுட்டுத்தான் பேசறோம்.

"சரி, இப்பக் கேக்கறேன்"னாரு வைரக்கண்ணு. குரல் இறங்கிப் போச்சு. "இவரு வேலை இப்படித்தான் இருக்கும். எப்ப இருக்கும் எப்பப் போகும்னு தெரியாது. உனக்கு என்னம்மா வேணும்?"

அந்தப் பக்கம் பிள்ளைங்க சத்தம் மட்டும் கேக்குது. நிலவன் மேசை விளிம்பைப் புடிச்சுக்கிட்டு நிக்கறான்.

"பாப்பா? லைன்ல இருக்கியா? கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா"ன்னுச்சு அந்தப் பொண்ணு. அழுகையா சிரிப்பான்னு தெரியலை. "எனக்கு அவங்கதான் வேணும். ஆனா நீங்க இன்னொரு தடவை கேளுங்க. இப்படி நீங்க என்னைக் கேட்டு நான் காதால கேட்டதே இல்லை."

வைரக்கண்ணு தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, எங்க எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை கேட்டாரு.